ஐந்தாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே

திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் வாடகை ஃபிளாட்டில் குடியிருக்கும் ஒரு தமிழ்த் தம்பதி, பிரசவம் முடிந்து குழந்தையோடு வீடு திரும்பினால் உதவிக்கு மூன்று பேர் வரக்கூடும். நாகர்கோவிலிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ரயிலேறி வரும் அம்மா. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட அமர்த்தப்படும் பிரசவ ரக்ஷைச் சேச்சி. அரசின் சார்பில் கதவைத் தட்ட வேண்டிய சுகாதாரப் பணியாளரான ஆஷா. முதல் இருவரும் எப்படியும் வந்துவிடுகிறார்கள். மூன்றாமவர் வருவாரா என்பது ஒரு கேள்வி. வந்தாலும் எந்த நாளில் வருகிறார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

இந்தப் பேச்சை எடுத்தாலே நம் வீடுகளில் 'பாட்டி வைத்தியமா, டாக்டர் வைத்தியமா' என்று பட்டிமன்றம் தொடங்கிவிடும். அதில் எனக்கு ஆர்வமில்லை. மருத்துவமனை வாசலைத் தாண்டிய பிறகு முதல் ஆறு வாரங்களில் குழந்தைக்கு என்ன ஆபத்து வரலாம், தாய்க்கு என்ன தேவை, இந்த மூவரில் யார் எதைச் செய்கிறார் என்று பார்த்தால் போதும்.

முதலில் ஆஷா. 2011-ல் மத்திய அரசு கொண்டுவந்த, வீடு தேடிச் சென்று பச்சிளங்குழந்தையைக் கவனிக்கும் திட்டத்தின்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆஷா 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் போய்ப் பார்க்க வேண்டும். பையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர், துணித்தூளியோடு கூடிய எடைத்தராசு, கைக்கடிகாரம். எடை பார்ப்பார், காய்ச்சல் பார்ப்பார், ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுவார். 60-ஐத் தாண்டினால் ஆபத்து. குழந்தை பால் குடிக்கிறதா, கைகால் துவண்டு கிடக்கிறதா, தொப்புளில் சீழ் இருக்கிறதா என்று ஒரு படிவத்தை நிரப்புவார். காகிதத்தில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

இதன் பிறப்பிடம் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி. அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி நடத்தும் 'சர்ச்' அமைப்பு 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பியது. மூன்றாம் ஆண்டில் அந்தக் கிராமங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 25.5 ஆகவும், ஒப்பீட்டுக்கு வைத்த கிராமங்களில் 59.6 ஆகவும் இருந்தது. 1999-ல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட அந்த ஆய்வு சொன்ன 62 சதவீதக் குறைவுதான் இன்றுவரை இந்தத் திட்டத்தின் கொடியில் பறக்கிறது.

அந்த எண்ணை அப்படியே கழக்கூட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா? முடியாது என்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணம், கட்சிரோலிப் பெண்கள் ஜென்டாமைசின் ஊசி போட்டார்கள், நம் ஆஷாக்களுக்கு அந்த ஊசியைக் கொடுக்கவில்லை என்பது. இரத்தத்தில் கிருமித் தொற்று கண்ட குழந்தைகளில் இறந்தவர்கள் அங்கே 16.6 சதவீதத்திலிருந்து 2.8 சதவீதமாக இறங்கியதில் ஊசிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் இந்தக் காரணம் மட்டும் நிற்காது. உத்தரப் பிரதேசத்தின் சிவ்கட்டில் ஊசியே இல்லாமல், பிறந்ததும் குளிப்பாட்டாதே, நெஞ்சோடு அணைத்து வை, உடனே பால் கொடு என்று சொல்லிக்கொடுத்தே இறப்பை 54 சதவீதம் குறைத்தார்கள். வங்கதேசத்தின் சில்ஹட்டில் 34 சதவீதம். கானாவில் அரசு ஊழியர் அமைப்பின் வழியாகவே பெரிய அளவில் நடத்தியபோது வெறும் 8 சதவீதம், அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவில்.

ஆக, வீட்டிலேயே பிரசவம் நடந்து, இறப்பும் மிக அதிகமாக இருந்த இடங்களில் வீட்டு வருகை அற்புதம் செய்தது. மருத்துவமனைப் பிரசவம் கூடக்கூட அந்த வேலையின் பெரும்பகுதியைப் பிரசவ அறையே செய்துவிடுகிறது. கேரளத்தில் 99.8 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடப்பதாகத் தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று சொல்கிறது. 2023-க்கான மாதிரிப் பதிவுக் கணக்கில் சிசு மரணம் ஆயிரத்துக்கு 5. நாட்டின் சராசரி 25. அமெரிக்காவில் 5.6 என்று ஒப்பிட்டுக் கேரள அமைச்சர்கள் பெருமைப்பட்டுக்கொண்டார்கள், அதில் தவறில்லை. கட்சிரோலி எதற்காக ஆளை அனுப்பியதோ அந்தக் காரணம் இங்கே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

அப்படியானால் ஆஷா வர வேண்டியதே இல்லையா? வேண்டும், வேறு காரணங்களுக்காக. இங்கே வீடு திரும்பிய குழந்தையைத் தாக்குவது குளிரும் சீழும் அதிகமில்லை. மஞ்சள் காமாலையும், பால் போதாமல் எடை இறங்குவதும்தான். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பால் குறைவாக உள்ளே போனால் மலம் குறையும். மலம் குறைந்தால் மஞ்சளுக்குக் காரணமான பிலிரூபின் வெளியேறாது, மஞ்சள் ஏறும். மஞ்சள் ஏறிய குழந்தை அசந்து தூங்கும், பால் குடிக்காது. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைகளிலேயே பாதிக்கு மேல் ஓரளவு மஞ்சள் தட்டத்தான் செய்கிறது. பெரும்பாலும் தானே போய்விடும். போகாமல் ஏறும் சிலருக்குத்தான் நீல விளக்கின் கீழ் வைக்கும் சிகிச்சை தேவை. அந்தச் சிலரைத் தவறவிட்டால் காது கேட்காமல் போவதிலிருந்து மூளை பாதிக்கப்படுவது வரை ஆபத்து உண்டு. மஞ்சள் உச்சத்துக்கு ஏறுவது மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில். குறைமாதக் குழந்தைக்கு இன்னும் ஓரிரு நாள் தள்ளி.

திட்டத்தின் ஓட்டை இங்கேதான். கேரளத்தில் 38.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். நாட்டின் சராசரி 21.5. சிசேரியன் ஆன தாய்க்கு ஆஷாவின் வருகை ஏழாம் நாளில்தான் தொடங்குகிறது என்று அதே வழிகாட்டி நெறி சொல்கிறது. அதுவரை மருத்துவமனையில் இருப்பார் என்று கணக்கு. ஆனால் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ டிஸ்சார்ஜ் ஆகிவிடுகிறது. சிசேரியனுக்குப் பிறகு பால் நன்றாகச் சுரக்க ஒரு நாள் கூடுதலாகவே ஆகும். பால் வந்தும் வராமலும் இருக்கும் அந்த இரண்டு மூன்று நாட்களில்தான் மஞ்சளும் ஏறுகிறது, எடையும் இறங்குகிறது, ஆஷாவும் இல்லை. எடைத்தராசும் பயிற்சியும் உள்ள ஒரே ஆள், அவை தேவைப்படாத நாளில் வந்து சேர்கிறார்.

அந்த நாட்களில் வீட்டுக்குள் என்ன நடக்கிறது? 'காத்துப்படக் கூடாது' என்று ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, மஞ்சள் நிறத்தில் எரியும் ஒரு சின்ன பல்பு மட்டும் போட்ட அறை. குழந்தைக்கு மஞ்சள் பூப்போட்ட துணி. நெற்றியில் விரலை வைத்து அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுப்பதற்குப் பதில் மஞ்சளாகத் தெரியும். நெஞ்சு, வயிறு, உள்ளங்கால் என்று கீழே இறங்க இறங்க அளவு கூடுகிறது என்று பொருள். பகல் வெளிச்சத்தில் இதைப் பார்க்க யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்த அறையில் டாக்டரே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மறுபக்கம், மஞ்சளைக் கண்டுகொண்டவர்கள் காலை வெயிலில் காட்டினால் போதும் என்று நின்றுவிடுகிறார்கள். வெயில் நீல விளக்குக்கு மாற்றாகாது.

ஆஷாவைக் குற்றம் சொல்லி இதை முடித்துவிட முடியாது. ஒரு குழந்தைக்கான அத்தனை வருகைக்கும் சேர்த்து அவருக்குக் கிடைப்பது 250 ரூபாய். ஆறு முறை போனால் ஒரு முறைக்கு 42 ரூபாய்கூட இல்லை. நிபந்தனைகளைப் படித்தால் எரிச்சல் வரும். எடை அட்டையில் ஏறியிருக்க வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், பிறப்பைப் பதிந்திருக்க வேண்டும். இதுவரை சரி. 42-ஆம் நாள் வரை தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும் என்று இன்னொன்று. நலமில்லாத குழந்தையைக் கண்டுபிடிப்பதற்கென்றே அனுப்பப்படும் ஒருவரின் கூலியை, குழந்தை நலமாக இருப்பதோடு முடிச்சுப் போட்ட அந்த மூளையை என்னவென்று சொல்வது?

2025 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷாக்கள் உட்கார்ந்தார்கள். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கு, ஓய்வுபெறும்போது 5 லட்சம் கொடு என்று கேட்டார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள், முடியை வெட்டிக்கொண்டார்கள். நவம்பர் தொடக்கத்தில், 266 நாட்களுக்குப் பிறகு, ஆயிரம் ரூபாய் உயர்வோடு இரவு பகல் போராட்டத்தை முடித்தார்கள். சிசு மரணம் ஐந்து என்று கொண்டாடிய அதே அரசின் வாசலில்தான் இது நடந்தது.

கழக்கூட்டத்தின் தனிச்சிக்கல் ஒன்றும் உண்டு. 1990-ல் இங்கே டெக்னோபார்க் என்ற ஐ.டி. வளாகம் வந்தது. காரியவட்டம், குளத்தூர், பள்ளிப்புறம் என்று பரவிய அந்த வளாகத்தைச் சுற்றி வாடகை வீடுகளும் அடுக்குமாடிகளும் முளைத்தன. பஞ்சாயத்தாக இருந்த ஊர் 2010-ல் மாநகராட்சிக்குள் வந்தது. ஆஷாவின் வேலை, தன் பகுதியில் யார் கர்ப்பம் என்று தெரிந்து வைத்திருப்பதில் தொடங்குகிறது. ஆறு மாதம் வரை நாகர்கோவிலில் பரிசோதனை, பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை, பிரசவம் முடிந்து பத்தாவது மாடி என்று அலையும் ஒரு தமிழ்ப் பெண் எந்த ஆஷாவின் நோட்டில் இருப்பாள்? தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கியிருப்பாள், அங்கே கிராம சுகாதாரச் செவிலியருக்கு அவள் பெயர் தெரியும். இங்கே கீழே வாட்ச்மேன் இண்டர்காமில் அழைத்து, 'ஆஷாவா, யாரது, நாங்க கூப்பிடலையே' என்ற பதிலை வாங்கி அனுப்பிவிடுவார். தாய் வீட்டில் பிரசவமாகிப் புகுந்த வீடு திரும்பும் பெண்ணுக்காக இரண்டு ஆஷாக்கள் தொகையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வழிகாட்டி நெறியில் இடமுண்டு. மாநில எல்லை தாண்டி அந்தப் பாதி எப்படி வந்து சேரும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சேச்சியிடம் வருவோம். கேரளத்துப் பிரசவ ரக்ஷையை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் அதைக் கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். காலையில் அடுப்பில் பெரிய அண்டா. பலா இலை, புளி இலை, மா இலை போட்டுக் கொதித்து நிறம் மாறிய தண்ணீர். தாயை முக்காலியில் உட்கார வைத்து தன்வந்தரம் குழம்பைத் தோளிலிருந்து கணுக்கால் வரை தேய்த்து ஊற வைத்து, பிறகு அந்தத் தண்ணீரை இடுப்பிலும் முதுகிலும் சொம்பு சொம்பாக வீசி ஊற்றுவார். முடிந்ததும் வயிற்றை இறுக்கித் துணி கட்டி, தலைதுவட்டி, கஞ்சி கொடுத்துப் படுக்க வைப்பார். தாய் தூங்கும்போது குழந்தை அவர் மடியில். இருபத்தெட்டு நாள், வசதியிருந்தால் அதற்கு மேலும்.

இந்த வேதுகுளியால் கருப்பை சுருங்கும், வாயு போகும் என்பதற்கெல்லாம் உறுதியான சான்று கிடையாது. ஆனால் பிரசவமான ஒரு பெண்ணின் உடம்பை இன்னொரு பெண் தொட்டுக் கவனிக்கிறாள், ஒரு மாதத்துக்குச் சமையலும் துவைப்பும் அவள் தலையிலிருந்து இறங்குகின்றன, பகலில் இரண்டு மணி நேரம் அவள் தூங்குகிறாள். அரசின் படிவத்தில் இதற்கு இணையான ஒரு வரியும் இல்லை. எண்ணெயையும் இலையையும் கழித்துவிட்டாலும் மீதி நிற்கும் இந்த உதவிக்காகவே சேச்சியின் சம்பளம் தகும் என்பது என் கணிப்பு.

அவர் சறுக்கும் இடங்கள் வேறு. இந்த முறை சுகப்பிரசவத்துக்காக உருவானது. சிசேரியன் தையல் ஆறாத வயிற்றில் சுடுதண்ணீர் வீச்சும் இறுக்கக் கட்டும் ஆகாது. தாய் எழுந்து நடக்கவே கூடாது என்பது கால் நரம்பில் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்ற நம் ஊர்ப் பத்தியம் வெயில் காலத்தில் பால் கொடுக்கும் உடம்புக்குச் செய்யும் கொடுமை. கர்ப்பகாலச் சர்க்கரை கண்ட பெண்ணுக்கும் அதே வெல்லம், அதே நெய், அதே லேகியம். இதில் அரசையும் விட முடியாது. தமிழ்நாடு 2015-ல் தொடங்கிய அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருட்களில் சௌபாக்கிய சுண்டி லேகியம் இருந்தது, கிலுகிலுப்பை இருந்தது. தெர்மாமீட்டர் இல்லை.

குழந்தையின் விஷயத்தில் சேச்சிக்கு இவ்வளவு சலுகை கொடுக்க மாட்டேன். உடம்பை மெதுவாகப் பிடித்துவிடுவது நல்லதாக இருக்கலாம், உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரையிலேயே இருக்கிறது. தேனில் தங்கத்தை உரசி நாக்கில் வைப்பது, வசம்பு இழைத்துப் புகட்டுவது, மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது, மார்பைப் பிதுக்குவது ஆகியவற்றில் ஒன்றுக்கும் இடமில்லை. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நரம்பைத் தளர்த்தும் நோய் வரலாம். வசம்பில் உள்ள பீட்டா அசரோனுக்காக அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. இவற்றைப் பற்றி சேச்சியிடம் முதல் நாளே பேசிவிட வேண்டும், சண்டையாக இல்லாமல். 'இது மட்டும் வேண்டாம் சேச்சி, டாக்டர் சொல்லியிருக்கார்' என்றால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள். நம் அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம்.

பிரசவ ரக்ஷையைப் பேக்கேஜாக விற்கும் வியாபாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு நாள், இருபத்தெட்டு நாள் என்று எண்ணெய்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். குழந்தையை எடை போடுவது எதிலாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேரள அரசின் மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீ 2024-ல் தொடங்கிய 'கே4 கேர்' பயிற்சி பெற்ற பெண்களை வீட்டுப் பணிவிடைக்கு அனுப்புகிறது. யோசனை நல்லது. பச்சிளங்குழந்தை விஷயத்தில் ஆஷாவின் படிவம் அவர்கள் கைக்குப் போனால் இன்னும் நல்லது.

ஊரிலிருந்து வந்த அம்மாவை நான் தீர்ப்புக்கு உட்படுத்தப் போவதில்லை. அவர் இல்லாவிட்டால் இந்த வீடுகள் ஓடாது. ஆனால் ஒரு புள்ளிவிவரம் உறுத்துகிறது. ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் நாடு முழுவதும் 63.7 சதவீதம். எழுத்தறிவிலும் மருத்துவமனையிலும் முன்னால் நிற்கும் கேரளத்தில் அது ஏறத்தாழ 55. அழுகிற குழந்தையைப் பார்த்து 'பால் பத்தலை போல' என்று ஒருவர் சொல்ல, பவுடர் டப்பா திறக்கப்படும் நேரம் ராத்திரி இரண்டு மணி. அந்த நேரத்தில் குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருக்கிறதா, கருவட்டம் வரை வாய்க்குள் போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை. ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்ற எளிய கணக்குகூட டிஸ்சார்ஜ் தாளில் இருப்பதில்லை.

அப்பாவின் இடமும் காலி. தாய்க்கு 26 வாரம் விடுப்பு 2017 திருத்தத்தில் கிடைத்துவிட்டது. தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. நிறுவனம் மனம் வைத்துக் கொடுக்கும் சில நாட்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே செலவாகிவிடும்.

அக்கம்பக்கத்திலும் தூரத்திலும் வேறு வழி தெரியாமல் இல்லை. இலங்கையில் வீடு தேடி வரும் குடும்பநல மாது ஒன்றரை ஆண்டு பயிற்சி பெற்ற சம்பளக்கார அரசு ஊழியர். முதல் வருகை பிரசவமான முதல் சில நாட்களுக்குள். நம் ஆஷாவுக்கு இதற்கென்று கிடைப்பது 20 நாள் பயிற்சி. நெதர்லாந்தில் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் பிரசவமான வீட்டுக்கு எட்டு நாள் வந்து தாயையும் சேயையும் பார்த்து, பால் கொடுக்கச் சொல்லிக்கொடுத்து, மூத்த குழந்தைக்குச் சோறும் ஊட்டிவிட்டுப் போகிறார். பெரும்பகுதிச் செலவு காப்பீட்டில். சேச்சியும் ஆஷாவும் ஒரே ஆளாக வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதுதான் கண்முன் சாட்சி. கேரளத்தில் இரண்டு பேரும் தனித்தனியே இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் சந்திப்பதே இல்லை.

என் தீர்ப்பு அரசின் மேல்தான் கடுமையாக விழுகிறது. சேச்சி தன் மரபு சொன்னதைச் செய்கிறார். அம்மா தனக்குத் தெரிந்ததைச் செய்கிறார். சிசேரியன் விகிதமும், டிஸ்சார்ஜ் ஆகும் நாளும், மஞ்சள் ஏறும் நாளும் மூன்றும் தெரிந்த ஒரே தரப்பு சுகாதாரத் துறை. அட்டவணையை இங்கே மாற்ற ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. வீடு திரும்பிய 48 மணி நேரத்துக்குள் முதல் வருகை என்று நாட்களைப் பிறப்பிலிருந்து எண்ணாமல் டிஸ்சார்ஜிலிருந்து எண்ணினால் போதும். தனியார் மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் பட்டியலை அன்றே வார்டு சுகாதார ஊழியருக்கு அனுப்பக் கட்டாயப்படுத்தலாம். 21, 28-ஆம் நாள் வருகைகளில் ஒன்றைக் கைவிட்டாலும் இந்த ஊரில் நஷ்டமில்லை. அந்த நேரத்தைத் தாயின் மனநிலை பற்றிக் கேட்கச் செலவிடலாம். கேரளத்தில் அதற்கென்றே 'அம்ம மனசு' என்ற திட்டம் பெயரளவிலாவது இருக்கிறது.

அதெல்லாம் நடக்கும் வரை கழக்கூட்டத்து இளம் தகப்பன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் வரிசையில் நிற்கும் முன் குழந்தை டாக்டரிடம் மூன்றைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்: இன்றைய எடை, இன்றைய பிலிரூபின் அளவு, இரண்டு நாள் கழித்து மறுபடி காட்ட வேண்டிய நேரம். அந்த இரண்டாம் நாள் ஞாயிறாக இருந்தால், ஞாயிறன்று எங்கே போவது என்பதையும் சேர்த்து.